எலிவேட்டர் கந்தசாமி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருக்கும் அந்த அரிசி ஆலையில் போய் கந்தசாமி என்று மொட்டையாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எலிவேட்டர் கந்தசாமி என்று கேட்க வேண்டும். கேட்டதும் தரையைக் காட்டுவார்கள். மனிதர் பாதி நாள் தரைக்குக் கீழேதான் இருப்பார்.

எலிவேட்டர் என்றதும் துணிக்கடையில் ஆளை ஏற்றிப் போகிற பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நெல்லை ஏற்றுகிற எந்திரம். பனைமர உயரத்துக்கு இரண்டு தகரக் கூண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடியில் ஓர் உருளை, உச்சியில் ஓர் உருளை. இரண்டையும் சுற்றிக்கொண்டு கூண்டுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட் நெடுகிலும் சாணுக்கு ஒன்றாகக் கப்புகளை முடுக்கியிருப்பார்கள். லாரிக்காரன் கொட்டுகிற நெல் சரிந்து குழிக்குள் போகும். கப்புகள் அதை அள்ளிக்கொண்டு ஒரு கூண்டு வழியாக ஏறும், உச்சியில் கவிழ்ந்து வீசும், மறு கூண்டு வழியாக வெறுமனே இறங்கி மறுபடியும் அள்ளும். வேகம் குறைந்தால் நெல் உச்சியிலிருந்து வெளியே போகிற வாய்க்குழாயில் விழாமல் வந்த வழியே திரும்பிவிடும். வேகம் கூடினால் உச்சித் தகரத்தில் மோதிவிட்டுத் திரும்பிவிடும். கொடுக்கத் தெரிந்தவன் கை மாதிரி ஒரு நிதானம் வேண்டும் அதற்கு.

ஒரு நெல் அரிசியாகி மூட்டைக்குள் போவதற்குள் இப்படிப் பல தடவை மேலே ஏறி இறங்குகிறது. தூசி சலிக்க ஒரு தடவை, ஊறல் தொட்டிக்கு ஒரு தடவை, காய வைக்க, உமி நீக்க, கல் பிரிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை. மேலே ஏற்றிவிட்டால் போதும். கீழே வருவதற்கு நெல்லுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே ஆலை என்பதே ஏற்றுகிற வேலைதான். எலிவேட்டர் நின்றால் எல்லாம் நின்றது.

எலிவேட்டர் வருவதற்கு முன்னால் மனிதன்தான் ஏற்றினான். கந்தசாமியே இளவயதில் வேறொரு ஆலையில் நெல் மூட்டையை முதுகில் வைத்துப் படியேறித் தொட்டியில் கொட்டியவர்தான். அந்தக் காலத்தை எண்ணி உருகுகிறவர்கள் ஒரே ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே உருகட்டும். கந்தசாமி உருகியதே இல்லை. இந்த ஆலையில் எலிவேட்டர் போட்ட அன்று கப்புகள் ஏறுவதை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாகீதே! இதுக்கு முதுகு வலிக்காது," என்றாராம். அப்போதே முதலாளி அவரை எலிவேட்டருக்குப் போட்டுவிட்டார்.

நெல் காய வைக்கும் களத்தில் வேலை செய்த அமிர்தத்தைக் கட்டிக்கொண்டதும் இந்த ஆலையில்தான். ஒரே பிள்ளை, பிரவீன்குமார். படித்துவிட்டு உளுந்தூர்பேட்டையில் லாரி டயர் விற்கிற கடையில் வேலைக்குப் போனான். ஆவணியில் ஒரு நாள் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவனை பைபாஸில் லாரி அடித்துவிட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கந்தசாமியும் சொன்னதில்லை.

சாவு வீட்டில் அமிர்தம் அழுத அழுகை மூன்று தெருவுக்குக் கேட்டது. கந்தசாமி அழவில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொன்னார், பந்தல்காரனுக்கு இடம் காட்டினார், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், மேளக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று விசாரித்தார். யாரோ வீட்டு விசேஷத்துக்கு ஒத்தாசைக்கு வந்தவரைப் போல இருந்தார்.

ஊர் இருக்கிறதே, அது அழுகைக்கு மார்க் போடும். அமிர்தத்துக்கு முழு மார்க்கு. கந்தசாமிக்கு முட்டை. 'கல்லு மாதிரி நிக்கறான் பாரு, பெத்தவனா இவன்' என்று காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரும் மூடப் பார்க்கவில்லை. கேட்டது, ஆனால் உள்ளே எங்கும் போய்ப் படவில்லை. தண்ணீருக்குள் முங்கி இருக்கும்போது கரையில் பேசுகிறவர்களின் குரல் கேட்குமே, அப்படிக் கேட்டது.

காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டார். எலிவேட்டரின் சத்தத்தை வைத்தே பெல்ட் ஒரு பக்கமாக ஓடுகிறதா, கப்பு ஒன்று கழன்று உரசுகிறதா என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அந்தக் காது அப்படியேதான் இருந்தது. கையும் அப்படியே. போல்ட்டை முடுக்கினார், உருளைக்கு கிரீஸ் வைத்தார், வைக்கோல் கூளத்தை வாரினார். வீட்டுக்குப் போனால் சாப்பிட்டார், படுத்தார். அவர் மட்டும்தான் அங்கே இல்லை. அமிர்தம் ஏதாவது கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஈர நெல்லோ சாக்குக் கயிறோ போய் அடைத்துக்கொண்டால், கீழ் உருளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து தோள் வரைக்கும் கையை விட்டுத்தான் வார வேண்டும். அந்த நேரத்தில் மேலே எவனாவது சுவிட்சைப் போட்டால் கை போகும், ஆளும் போகலாம். அதனால் இறங்குகிறவன் முதலில் மின்பலகையிலிருந்து பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வான். ஏறி வந்து அவனே செருகினால்தான் எந்திரம் ஓடும். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறினதும் இல்லை. பியூஸ் பலகையில் இல்லை என்றால் குழியில் ஆள் இருக்கிறான். பியூஸ் இருக்கிறது என்றால் குழி காலி. வேறு எதையும் யாரும் எட்டிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. அங்கேதான் வினை இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை எலிவேட்டர் அடைத்துக்கொண்டது. கந்தசாமி இறங்கினார். பலகையில் பியூஸ் கட்டைகள் மூன்றும் அப்படியே இருந்தன.

சூப்பர்வைசர் லாரன்ஸ் அப்போது பாய்லர் பக்கமிருந்து வந்தான். நல்ல பையன், பதறுகிற சுபாவம். எந்திரம் நிற்கிறதே என்று பலகையைப் பார்த்தான். பியூஸ் இருந்தது. அண்ணன் வேலையை முடித்துவிட்டு டீக்குப் போயிருக்கிறார் என்று முடிவு செய்தான். அந்த ஆலையில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் முடிவு செய்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டான்.

மோட்டார் உறுமியது. அடைப்பு இன்னும் முழுக்க எடுபடாததால் பெல்ட் இரண்டு முழம் இழுத்துக்கொண்டு போய்த் திக்கி நின்றது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. குழிக்குள்ளிருந்து, "தம்பி, ஆஃப் பண்ணு," என்று ஒரு குரல் கேட்டது. அடைப்பைக் குத்திவிடுகிற கம்பியை எடுப்பதற்காக அந்த நொடியில்தான் கந்தசாமி கையை வெளியே இழுத்திருந்தார். தோளில் கிடந்த துண்டைக் கப்பு கவ்விக்கொண்டு போயிருந்தது.

லாரன்ஸ் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கந்தசாமி ஏணியில் ஏறி வந்தார், உடம்பிலிருந்த உமியைத் தட்டினார், அவனைப் பார்த்து, "டீ வந்துடுச்சா?" என்றார். லாரன்ஸுக்கு எந்திரத்தை விட அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. "ஏண்ணே பியூஸ புடுங்கல?" என்று அழுகிற குரலில் கேட்டான். கந்தசாமி பலகையைத் திரும்பிப் பார்த்தார். "ஆமால்ல," என்றார்.

முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார், ஆளை எலிவேட்டரிலிருந்து எடுத்து வாயில் கேட்டில் உட்கார வைத்துவிடுங்கள் என்று. அவர் கெட்டவர் இல்லை. ஆலைக்குள் ஒரு சாவு விழக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த அமிர்தத்துக்கு விஷயம் போனது. அவள் தள்ளுகட்டையைப் போட்டுவிட்டு நேராக முதலாளி அறைக்கு வந்தாள். அந்த அறை வாசலைத் தாண்டி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"கேட்டுல ஒக்கார வெச்சா நாள் பூரா லாரியத்தாங்க பார்த்துக்கினு இருக்கணும். அந்த மனுசன லாரியப் பார்க்க உடாதீங்க."

அங்கே நின்றுகொண்டிருந்த லாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரு கொழில எறங்கட்டும். பியூஸு எம்மடில இருக்கும். அவரு ஏறி வந்து நின்னாத்தான் குடுப்பன். இதுக்கு மேல இன்னா வேணும்?"

இறங்குகிறவன் மடியில்தான் பியூஸ் இருக்க வேண்டும் என்கிற வழக்கம் அன்றைக்கு மாறியது. அடைப்பு என்றால் கந்தசாமியை மட்டும் கூப்பிட்டால் போதாது, களத்துக்கு ஆளனுப்பி அமிர்தத்தையும் கூப்பிட வேண்டும். மற்ற ஆட்கள் கேலி பேசினார்கள். 'முந்தானையில முடிஞ்சி வெக்கறதும்பாங்க, இங்க நெசமாவே முடிஞ்சி வெச்சிக்கினு ஒக்காந்துகீது' என்று சிரித்தார்கள். அமிர்தம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குழி வாயில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, கீழே கம்பி உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கந்தசாமி ஏறி வருவார், கையை நீட்டுவார், அவள் கொடுப்பாள்.

அன்றைக்கு அவர் வேண்டுமென்றே இறங்கினாரா, மறந்து இறங்கினாரா? ஆலை முழுக்க அதைத்தான் கிசுகிசுத்தது. கட்டினவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். மார்கழி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் அவருக்குச் சோறு போட்டாள்.

தை மாதம் சம்பா அறுப்பு. கல்வராயன் மலைமேல் பருவம் தப்பி மேகம் கட்டிக்கொண்டு நிற்க, அறுத்த நெல்லை ஈரத்தோடு அள்ளிப் போட்டுக்கொண்டு லாரிகள் வரிசையாக வந்து நின்றன. ஈர நெல் எலிவேட்டருக்கு எமன். கப்பிலேயே ஒட்டிக்கொண்டு உச்சியில் விழாது. விழுகிற நெல்லிலும் பாதி திரும்பி வந்து குழியில் கட்டி தட்டிப்போகும். முற்பகலில் எலிவேட்டர் நின்றது. அமிர்தம் வந்து பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். கந்தசாமி இறங்கினார்.

கம்பி உரசுகிற சத்தம் கேட்டது. சின்னக் கதவை மூடுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

"இன்னாங்க, முடிஞ்சுதா?" என்றாள் அமிர்தம். பதில் இல்லை.

"யக்கா, கதவ மூடிட்டாரு, ஏறி வந்துடுவாரு. பியூஸ குடுக்கா, நான் போட்டு வெக்கிறன்," என்றான் லாரன்ஸ்.

"ஆளு வரட்டும்."

முதலாளியே வந்துவிட்டார். "அமிர்தம், வானம் இருட்டிக்கினு வருது. இத்தினி நெல்லு நனைஞ்சா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றன். ஆளு வரட்டும்."

பொறுமை இழந்த ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. மடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே கந்தசாமி வேலையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். வாரிப்போட்ட ஈர நெல் குவியல் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு. மேலே பேசுவதெல்லாம் கேட்டது. ஏறிப் போகலாம். ஏணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போகாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. போவதற்கும் ஒரு காரணமும் இல்லை. பெல்ட் நின்று, மோட்டார் நின்று, குழி அமைதியாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் உட்காரலாம் போலிருந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை.

ஏணியில் வளையல் சத்தம் கேட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அமிர்தம் இறங்கி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குழிக்குள் வந்ததே இல்லை. இரண்டு பேர் நிற்க இடமில்லாததால் ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. ஒக்காந்துக்கினு இருக்கன்."

"கூப்ட்டது கேக்கலியா?"

"கேட்டுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். தலையிலும் புருவத்திலும் உமித்தூள். வீட்டில் கேட்க முடியாததை இங்கே கேட்டுவிட்டாள்.

"அன்னிக்குத் தெரிஞ்சுதான் எறங்குனியா?"

கந்தசாமி யோசித்தார். பொய் சொல்வதற்குக்கூட ஏதாவது ஓர் ஆசை வேண்டும். அவரிடம் அது இல்லை.

"தெரியல அமிர்தம். கை பியூஸாண்ட போச்சு. எடுக்கணும்னு தோணல. உட்டுட்டு எறங்கிட்டன்."

அவள் கையை ஓங்கி அவர் தோளில் குத்தினாள். இடம் போதாததால் அந்தக் குத்து பாதியிலேயே வலுவிழந்தது.

"தோணலியா? எனக்கு மட்டும் தோணுதுன்னு நெனச்சியா? ஊரு பூரா நான் அழுததப் பார்த்துச்சு. வாய்தான்யா அழுதுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. விடிஞ்சா எழுந்திரிக்கணும்னு தோணல, எழுந்திரிக்கிறன். ஒல வெக்கணும்னு தோணல, வெக்கிறன். தல வாரணும்னு தோணல, வாரிக்கினு களத்துக்கு வரன். நான் எதுக்கு இதெல்லாம் பண்றன், சொல்லு?"

கந்தசாமிக்கு இது தெரியாது. ஊரைப் போலவே அவரும் அவளுக்கு முழு மார்க்குதான் போட்டு வைத்திருந்தார். பிள்ளையின் துக்கம் மொத்தத்தையும் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள், தனக்கு மிச்சம் இல்லை என்றே இத்தனை நாளாக எண்ணியிருந்தார். அவளும் தன்னைப் போலவே வெறுங்கூடாகத்தான் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

"அந்தக் கப்பு ஒன்ன இழுத்துக்கினு போயிருந்தா, நான் இன்னா ஆவன்னு நெனச்சியா?"

"நெனைக்கல."

அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல.

"ஒன்ன நெனைக்கவே இல்ல அமிர்தம்," என்று அவர் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை குரல் பாதியில் இடறியது. ஆவணியிலிருந்து அவருக்குள் எதுவுமே வந்து தங்கவில்லை. துக்கம் வரவில்லை, கோபம் வரவில்லை, பசி வரவில்லை. இப்போது வெட்கம் வந்தது. கூச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், குவியலிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார். அது சில்லென்று இருப்பது தெரிந்தது.

"இனிமே நெனை," என்றாள் அமிர்தம். "அழுவ வந்தா அழு, வராட்டிப் போவட்டும், ஊருக்கு ஒண்ணும் நாம பாக்கி வெக்கல. எறங்கறதுக்கு முன்ன என்ன ஒரு தபா நெனை. அவ்ளோதான் கேக்கறன்."

அவர் தலையை அசைத்தார். நெல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மேலே குழி வாயில் லாரன்ஸின் தலை தெரிந்தது. ஏற்கெனவே அவனுக்குப் பதறுகிற சுபாவம், இரண்டு பேரும் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் போனதில் குரல் கிரீச்சிட்டது.

"அண்ணே! யக்கா! உசுரோடதான இருக்கீங்க ரெண்டு பேரும்?"

அமிர்தம் கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மேலே லாரன்ஸ் காத்திருந்தான், முதலாளி காத்திருந்தார், சாலை வரைக்கும் லாரிகள் காத்திருந்தன.

"இருக்கம் தம்பி," என்றார் கந்தசாமி.

பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு அவளை முதலில் ஏறச் சொன்னார்.